கணக்கில் உண்டு, பட்டியலில் இல்லை: மலையகத் தமிழரும் வாக்குரிமையும்

1947இல் இலங்கையின் முதல் நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 95 இடங்களில் ஏழு இடங்களை இலங்கை இந்தியக் காங்கிரஸ் கைப்பற்றியது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, மஸ்கெலியாவில் மோத்தா, நாவலப்பிட்டியில் ராஜலிங்கம் என்று வென்றவர்களுக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் மத்திய மலைநாடான மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள், கவ்வாத்து வெட்டுபவர்கள். 1952 மே மாதம் இரண்டாவது தேர்தல் வந்தது. அந்தக் கட்சிக்கு ஓரிடம்கூட இல்லை. மக்கள் மனம் மாறிவிடவில்லை. அவர்களுடைய பெயர்கள் வாக்காளர் பட்டியலில் இல்லை.

இந்த ஐந்தாண்டுக்குள் இலங்கையில் இராணுவம் ஆட்சியைப் பிடிக்கவில்லை. நெருக்கடிநிலை என்று சொல்லி யாரும் தேர்தலைத் தள்ளிவைக்கவில்லை. நீதிமன்றங்கள் திறந்திருந்தன, பத்திரிகைகள் வெளிவந்தன, நாடாளுமன்றத்தில் விவாதமும் வாக்கெடுப்பும் முறைப்படி நடந்தன. அந்த முறையான வாக்கெடுப்பின் வழியாகவே நாட்டின் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் வாக்காளர் என்ற நிலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஒரு மக்களாட்சி தன் மக்களில் ஒரு பகுதியினரைச் சட்டப்படியே வெளியேற்ற முடியும் என்பதற்கு இருபதாம் நூற்றாண்டில் இதைவிடத் தெளிவான சான்று ஆசியாவில் இல்லை என்பது என் கருத்து. அது எப்படி நடந்தது, திரும்பப் பெற ஏன் அரை நூற்றாண்டு ஆனது என்பதைத் தமிழ் வாசகர்கள் விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1931இலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு முன் இலங்கையில் சொத்து, வருமானம், எழுத்தறிவு ஆகிய தகுதிகள் உள்ள ஆண்களுக்கு மட்டுமே வாக்கு இருந்தது. மக்கள்தொகையில் அவர்கள் நூற்றுக்கு நான்கு பேர் அளவே. 1927இல் வந்த டொனமூர் ஆணைக்குழு, ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 30 வயதிலும் வாக்குரிமை தரலாம் என்று பரிந்துரைத்தது; நடைமுறைக்கு வந்தபோது 21 வயது நிறைந்த ஆண், பெண் எல்லோருக்கும் அது கிடைத்தது. பிரிட்டனிலேயே பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை 1928இல்தான் கிடைத்தது; பிரான்சில் பெண்கள் 1944 வரை காத்திருந்தார்கள். கொழும்பில் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவும் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தினரும் இதைக் கேட்டார்கள். படித்த உயர்குடித் தலைவர்களில் பலர் எதிர்த்தார்கள். பொன்னம்பலம் இராமநாதனும் எதிர்த்தவர்களில் ஒருவர்.

பெரிய சிக்கல் தோட்டத் தொழிலாளர் விஷயத்தில் எழுந்தது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த இந்தக் குடும்பங்கள் பல அங்கே இரண்டு, மூன்று தலைமுறையைக் கண்டிருந்தன. எல்லோருக்கும் வாக்கு என்றால் இவர்களுக்கும் வாக்கு உண்டு; அப்படியானால் கண்டிப் பகுதியில் பல தொகுதிகள் கைமாறிவிடும் என்று சிங்களத் தலைவர்கள் அஞ்சினார்கள். ஆளுநர் ஹெர்பர்ட் ஸ்டான்லி ஒரு சமரசம் செய்தார். அதன்படி, வாக்கு வேண்டும் தொழிலாளி இலங்கையே தன் நிரந்தர வாழிடம் என்று காட்ட வேண்டும். அல்லது ஐந்தாண்டு வசித்திருந்து நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெற வேண்டும். சான்றிதழ் பெறுபவர், இந்தியத் தொழிலாளி என்ற முறையில் தமக்கிருந்த சிறப்புப் பாதுகாப்புகளைக் கைவிட வேண்டும். பிற்காலத்தில் நடந்த எல்லாவற்றுக்கும் விதை இங்கே இருக்கிறது. நாட்டில் மற்றவர்களுக்கு வாக்கு தானாக வந்தது. இவர்களுக்கு மட்டும் நிரூபித்த பின்பு வந்தது.

இருந்தும் வந்தது. அதை அவர்கள் பயன்படுத்திய விதம் கவனிக்கத்தக்கது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாக்களிக்க வேண்டும் என்பதற்காக 1931 தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம் ஒதுக்கி, அந்த நிறத்தில் தனிப் பெட்டி வைத்தார்கள். வாக்காளர் சீட்டைத் தாம் விரும்பும் நிறப் பெட்டியில் போட்டால் போதும். யாழ்ப்பாணத்தில் இளைஞர் காங்கிரஸ் முழுச் சுயராஜ்யம் கேட்டு அந்தத் தேர்தலைப் புறக்கணித்தது. மலையகத்தில் ஹட்டன் தொகுதியிலிருந்து பெரி சுந்தரம் போட்டியின்றித் தேர்வாகி, தொழில் துறை அமைச்சரும் ஆனார். 1936இல் அதே ஹட்டனில் கோ. நடேசய்யர் வென்றார். தஞ்சாவூரிலிருந்து போய், ‘தேசபக்தன்’ நடத்தி, துரைமார்கள் தோட்டத்துக்குள் நுழையவிடாத காலத்திலும் எப்படியோ உள்ளே போய்த் தொழிலாளர்களைத் திரட்டிய மனிதர் அவர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் நிலையைப் பாட்டாக எழுதித் தோட்டங்களில் பாடினார். மேடைப் பேச்சை அஞ்சி ஒதுங்கிய பெண்களும் பாட்டைக் கேட்க வந்தார்கள். காலையில் பிரட்டுக்களத்தில் வரிசையில் நின்று துரையிடமும் கணக்கப்பிள்ளையிடமும் வேலை கேட்டவர்கள், தேர்தல் நாளில் அதே துரையின் வாக்குக்குச் சமமான வாக்கைப் பெட்டியில் போட்டார்கள். அந்தக் காலத் தோட்ட வாழ்க்கையில் இதற்கு ஈடான மாற்றம் வேறு எதுவும் இல்லை.

1931இல் ஒரு லட்சம் அளவில் இருந்த இந்திய வம்சாவளி வாக்காளர் எண்ணிக்கை 1939இல் சுமார் 2,25,000 ஆனது. அந்த வளர்ச்சி பலரை உறுத்தியது. நிரந்தர வாழிடம் என்பதற்கு அதிகாரிகள் கடுமையான சான்று கேட்கத் தொடங்கினார்கள். 1943க்குள் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. கிராம சபைகளில் இவர்களுக்கு முன்பே வாக்கில்லை. 1930களில் அந்தச் சட்டத்தைத் திருத்தி ஐரோப்பியருக்கும் ஐரோப்பிய வழிவந்த பறங்கியருக்கும் கிராம சபை வாக்கைத் தந்தபோது, இந்தியத் தோட்டத் தொழிலாளரை மட்டும் விலக்கினார்கள். இந்திய அரசு ஆட்சேபித்தது. உடனே ‘இந்திய’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர் யாராயினும் வாக்கில்லை என்று மாற்றினார்கள். இனத்தின் பெயர் சட்டத்திலிருந்து போய்விட்டது, விலக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய அதே ஆட்கள்தான். இந்த உத்தி மறுபடியும் வரும். 1939இல் அரசுத் துறைகளில் தினக்கூலிகளாக இருந்த இந்தியர்களை வேலையிலிருந்து நீக்கியபோது ஜவஹர்லால் நேரு கொழும்பு வந்தார். அந்த வருகையின்போதுதான் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது.

சுதந்திரம் வந்தது 1948 பிப்ரவரி 4. ஆகஸ்டில் பிரஜாவுரிமை மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. நவம்பரில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி 1947இல் 42 இடங்களே பெற்றிருந்தது. இடதுசாரிகளுக்கு 18 இடங்கள். தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் சொந்த வேட்பாளர் இல்லாத தொகுதிகளில் இடதுசாரிகளுக்கே வாக்களித்தார்கள். சட்டத்தின் அவசரத்தைப் புரிந்துகொள்ள இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இனப் பகைமையோடு கட்சிக் கணக்கும் சேர்ந்தே வேலை செய்தது.

சட்டத்தில் தமிழர் என்ற சொல்லோ இந்தியர் என்ற சொல்லோ இல்லை. இலங்கையில் பிறந்த ஒருவர் குடிமகனாக வேண்டுமானால் அவருடைய தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் 1910இல் பிறந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் பிறந்தது, மணந்தது, ஆறு பிள்ளைகளைப் பெற்றது, பெற்றோரை அடக்கம் செய்தது எல்லாம் அந்த மலையில்தான். தந்தையும் அதே தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவர் என்று அவருக்குத் தெரியும். அதற்குக் காகிதம் எங்கே? இலங்கையில் பிறப்புப் பதிவு கட்டாயமானதே 1897இல். அவருடைய தந்தை அதற்கு முன் பிறந்தவர்; சான்றிதழ் கிடைக்காது. பின்பு பிறந்தவர்களுக்கும் பதிவு தோட்ட நிர்வாகத்தின் கையில். தோட்டக் கணக்குப் புத்தகத்தில் பெயர் ஒரு மாதிரி இருக்கும், பிறப்புப் பதிவில் வேறு மாதிரி இருக்கும். முத்துக்கருப்பன் ஓரிடத்தில் கருப்பன், இன்னோரிடத்தில் முத்தையா. தாய் இங்கே பிறந்தவள் என்பது கணக்கிலேயே இல்லை. சிங்களக் கிராமவாசிகளில் பெரும்பாலோரிடமும் பாட்டனின் பிறப்புச் சான்றிதழ் இருந்திருக்காது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

எதிர்ப்பு வந்ததால், விண்ணப்பித்துக் குடியுரிமை பெற ஒரு வழியாக 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 1946 ஜனவரி 1க்கு முன்பு, மணமானவர் தொடர்ந்து ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இலங்கையில் வசித்திருக்க வேண்டும். இடையில் ஒரு தடவை பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தாலும் தொடர்ச்சி அறுந்துவிடும். மனைவியும் சிறு பிள்ளைகளும் இலங்கையிலேயே தங்கியிருக்க வேண்டும். போதிய வருமானம் காட்ட வேண்டும். ஊரில் தாயார் சாகக் கிடக்கிறார் என்று போனவர், கடன் அடைக்கப் போய் நடவு முடித்து வந்தவர், தலைப்பிரசவத்துக்கு மனைவியைத் தாய் வீட்டுக்கு அனுப்பியவர் எல்லோருக்கும் இந்த நிபந்தனையில் சிக்கல் இருந்தது. அதே 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு என்றார்கள். மூன்று சட்டங்களும் சேர்ந்தபோதுதான் பொறி முழுமையானது. தனித்தனியாக எடுத்தால் எந்த நாட்டுச் சட்டப் புத்தகத்திலும் இருக்கக்கூடிய சாதாரணச் சட்டங்களாகவே அவை தோன்றும்.

தமிழ்த் தலைமை இந்த நேரத்தில் நடந்துகொண்ட விதத்தையும் சொல்லியாக வேண்டும். அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் 1948 சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். அமைச்சரவையில் சேர்ந்த பின்பு 1949 சட்டத்தை ஆதரித்தார். எஸ். ஜே. வி. செல்வநாயகம் அந்தக் கட்சியை விட்டு விலகி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இது முக்கியக் காரணங்களுள் ஒன்று. தோட்டத் தொழிலாளிக்கு நடப்பது நாளை வடக்கு கிழக்குத் தமிழருக்கும் நடக்கும் என்று அவர் எச்சரித்தார். 1956இன் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது அந்த எச்சரிக்கை பலருக்கு நினைவு வந்திருக்கும்.

1949 சட்டத்தின் கீழ் முதலில் விண்ணப்பிக்க மறுத்த இலங்கை இந்தியக் காங்கிரஸ், கெடு நெருங்கியதும் நிலையை மாற்றிக்கொண்டது. 1951 ஆகஸ்ட் 5க்குள் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள், ஏறத்தாழ 8,25,000 பேருக்காகக் குவிந்தன. அந்தச் சட்டத்தின் கீழ் கடைசியில் குடியுரிமை கிடைத்தவர்கள் சுமார் 1,34,000 பேர். ஆறில் ஒருவர். 1952இல் தொண்டமானும் தோழர்களும் கொழும்பில் நூறு நாளுக்கும் மேலாகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அரசு அசையவில்லை.

நீதிமன்றக் கதவும் தட்டப்பட்டது. சுதந்திர இலங்கையின் சோல்பரி அரசியல் சட்டத்தின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தாருக்கு மட்டும் தடையோ சுமையோ விதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக்கூடாது என்று சொன்னது. சிறுபான்மையினருக்கு அந்த அரசியல் சட்டம் தந்த ஒரே பெரிய பாதுகாப்பு அதுதான். ருவன்வெல்ல தொகுதியில் பெயர் மறுக்கப்பட்ட கோடக்கன்பிள்ளை இதை வைத்து வழக்கிட்டார். முதலில் விசாரித்த அதிகாரி அவர் பக்கம் தீர்த்தார். சட்டங்கள் செல்லாது என்றார். இலங்கை உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது. ஒரு நாடு தன் குடிமக்கள் யார் என்று வகுத்துக்கொள்வது இயல்பான அதிகாரம்; சட்டத்தின் சொற்களில் எந்தச் சமூகமும் குறிப்பிடப்படவில்லை; 1949 சட்டம் ஒரு வழியையும் திறந்து வைத்திருக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். வாக்குரிமை வழக்குகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி இது: சட்டத்தின் எழுத்தைப் பார்ப்பதா, அது யார் மேல் போய் விழுகிறது என்பதைப் பார்ப்பதா? எழுத்தை மட்டும் பார்த்த நீதிபதிகளின் தீர்ப்பு பல லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் கொதிக்க வைக்கும் செய்தி ஒன்று பெரும்பாலான நூல்களில் ஓரிரு வரியோடு கடந்துவிடுகிறது. 1946இல் தொகுதிகளைப் பிரித்தபோது 75,000 பேருக்கு ஓர் இடம், 1,000 சதுர மைலுக்கு மேலும் ஓர் இடம் என்று கணக்கிட்டார்கள். 75,000 வாக்காளர் என்று இல்லை, 75,000 ஆட்கள். அந்தக் கணக்கில் தோட்டத் தொழிலாளரும் சேர்த்தி. வாக்கைப் பறித்த பிறகும் இடங்களின் எண்ணிக்கை குறையவில்லை. 1959இல் மறு எல்லை வகுக்க வந்தபோதும் குடிமக்கள் மட்டும் என்று கொள்ளாமல் மொத்த மக்கள்தொகையையே அடிப்படையாக வைத்தார்கள். தோட்டத்து மக்கள் தலைக்கணக்கில் இருந்ததால் மலைநாட்டுக்கு அதிக உறுப்பினர்கள் கிடைத்தார்கள். அந்த உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதே பகுதியின் மற்ற வாக்காளர்கள். ஆக, ஒரு சமூகத்தின் வாக்கு அவர்களிடமிருந்து போனதோடு நிற்கவில்லை. அதன் பலம் அண்டை வீட்டாரின் கைக்கு மாறியது. அந்தப் பகுதியில் அரசியல் செய்த எந்தக் கட்சிக்கும் இந்த ஏற்பாட்டை மாற்ற ஆர்வம் இருக்கவில்லை.

வாக்கில்லாத வாழ்க்கை எப்படி இருந்தது? 1952 முதல் 1977 வரை மலையகத் தமிழர் எவரும் தேர்தலில் நின்று நாடாளுமன்றம் போகவில்லை. தொண்டமான் 1960களில் நியமன உறுப்பினராக இருந்தார். நாடு முழுதும் இலவசக் கல்வி பரவியபோது தோட்டப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் ஓராசிரியர், ஓரறை என்று தோட்ட நிர்வாகத்தின் கீழேயே கிடந்தன. அரசு வேலைக்குக் குடியுரிமை வேண்டும். அரசு நிலம் பெறவும் வேண்டும். 1970களில் தோட்டங்களை அரசுடைமையாக்கினார்கள். அதை ஒட்டிய 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் தோட்டப் பகுதியில் இறப்பு விகிதம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிடப் பெரிதும் உயர்ந்தது. கிராமத்து மக்களுக்குக் கையளவாவது நிலம் இருந்தது. அவர்களுக்காகக் கேட்க ஓர் உறுப்பினர் இருந்தார். லயத்து மக்களுக்கு இரண்டும் இல்லை. 1977 மே மாதம் டெவன் தோட்டக் காணிகளை வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்க வந்ததை எதிர்த்து நின்ற கூட்டத்தின் மீது போலீஸ் சுட்டதில் சிவனு லட்சுமணன் என்ற இளம் தொழிலாளி இறந்தார். மலையகத்தில் அவர் பெயர் இன்றும் சொல்லப்படுகிறது.

அரசியல் பங்கேற்பு அடியோடு நின்றுவிடவில்லை என்பதும் உண்மை. வாக்கின் இடத்தைத் தொழிற்சங்கம் எடுத்துக்கொண்டது. தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் பிற சங்கங்களும் சம்பளத்தில் பிடிக்கும் சந்தாவால் வளர்ந்தன. வேலைநிறுத்தம்தான் தேர்தல், தோட்டக் கமிட்டித் தலைவர்தான் உறுப்பினர். இதனால் சம்பள உயர்வும் ஓரளவு பாதுகாப்பும் கிடைத்தன, மறுக்க முடியாது. ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. கொழும்பில் அமைச்சர்களோடு பேசித் தீர்ப்பவர் ஒரே தலைவர் என்றாகிவிட்டது. அவர் பேசியது போதவில்லை என்றால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவரை மாற்றும் வழி தொழிலாளிக்கு இல்லை. வாக்கு பறிபோனதால் அரசு மட்டுமல்ல, சொந்தத் தலைவர்களும் மக்களுக்குக் கணக்குக் காட்டும் கட்டாயத்திலிருந்து தப்பினார்கள். மலையக அரசியலில் குடும்பத் தலைமை இத்தனை காலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். இந்தியா ஏழு பேரை ஏற்றால் இலங்கை நான்கு பேருக்குக் குடியுரிமை தரும் என்று விகிதமும் போட்டார்கள். பத்து லட்சம் மனிதர்களை இரண்டு அரசுகள் மூட்டையைப் பங்கு போடுவதுபோலப் பங்கு போட்டன. அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் இரண்டு அரசுகளுக்கும் இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு இரண்டு நாட்டிலும் வாக்கில்லை. தலைமன்னார் கப்பலில் ஏறியவர்கள் இராமேசுவரம், மண்டபம் வழியாக நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும், கொஞ்சம் கடன் உதவியோடு பல மாவட்டங்களுக்கும் சிதறினார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்கள் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் இன்று இந்திய வாக்காளர்கள்.

இதே 1948 முதல் 1950 வரையான ஆண்டுகளில் பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசியல் சட்டம் முடியும் முன்பே இந்தியா, வயது வந்த எல்லோருக்குமான வாக்காளர் பட்டியலைத் தயாரிக்கத் தொடங்கியது. பிரிவினையில் வீடிழந்து வந்த அகதிகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அவர்களிடம் காகிதமே இல்லை. இங்கேயே நிரந்தரமாக இருக்கப் போகிறேன் என்று வாக்குமூலம் தந்தால் போதும், பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மாகாணங்களுக்குத் தாக்கீது போனது. தன் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் சொன்ன சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் விடுபட்டன. அது ஒரு பெருங்குறை. ஆனாலும் முதல் தேர்தலுக்கு 17 கோடிக்கு மேற்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். இந்தியாவில் அன்று அரசு மக்களைத் தேடிப் போய்ச் சேர்த்தது. இலங்கையில் தன்னை நிரூபிக்கும் சுமை மக்கள் தலையில் ஏறியது. வாக்குரிமையின் விதி பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில் தீர்மானமாகிறது: நிரூபிக்க வேண்டியவர் யார்? அந்த இந்தியாவிலேயே பிற்பாடு நிலை மாறியதற்கு அஸ்ஸாம் சாட்சி. அங்கே 2019இல் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சம் பேர் விடுபட்டார்கள்; பழைய காகிதம் காட்ட முடியாத ஏழைகள் அவர்களில் ஏராளம்.

பறிபோன உரிமை துண்டு துண்டாகத்தான் திரும்பியது. 1977இல் மூன்று உறுப்பினர் கொண்ட நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் மூன்றாமவராகத் தொண்டமான் வென்றார். இந்தியக் குடியுரிமைக்கு 6,00,000 பேர் என்ற ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தவர்கள் 5,06,000 பேரே. விண்ணப்பிக்காத 94,000 பேருக்கு, 1986 பொங்கலன்று தொடங்கிய பிரார்த்தனைப் போராட்டத்தை அடுத்து, இலங்கை குடியுரிமை தந்தது. காலை நேரத்தில் தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் வழிபாட்டில் அமர்ந்தார்கள். தேயிலைத் தொழில் அசைந்து கொடுத்தது. 1988இல் இன்னொரு சட்டம். கடைசியாக 2003 அக்டோபரில், 1964 ஒப்பந்த நாளிலிருந்து இலங்கையில் நிரந்தரமாக வசித்தவருக்கும் அவர் வழிவந்தவருக்கும் குடியுரிமை என்று ஒரு சட்டம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. ஐ.நா. அகதிகள் அமைப்பும் தொழிற்சங்கங்களும் தோட்டம் தோட்டமாக மேசை போட்டு உட்கார்ந்தன. பத்து நாட்களில் ஏறத்தாழ 1,90,000 பேர் குடிமக்களானார்கள். அரசு மனம் வைத்தால் பத்து நாள் வேலை. அதற்கு 55 ஆண்டு பிடித்தது.

வாக்கு வந்தபோதும் வாசல் முழுதாகத் திறக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டக் குடியிருப்புகளில் பிரதேச சபை தன் நிதியைச் செலவிட அது குறுக்கே நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களித்து உறுப்பினரைச் சபைக்கு அனுப்பலாம். அந்த உறுப்பினர் தன்னைத் தேர்ந்தெடுத்தவர்களின் லயத்துக்கு ஒரு பாதை போட முடியாது, ஒரு குழாய் பதிக்க முடியாது. 2018இல்தான் இது திருத்தப்பட்டது. கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் மலையக இளைஞர்கள் தேர்தல் நாளில் ஊருக்குப் பேருந்து ஏற வேண்டும். விடுப்பு தராத முதலாளியிடம் வேலை பார்ப்பவருக்கு வாக்கில்லை. வளைகுடாவில் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க இலங்கைச் சட்டம் இடம் தருவதில்லை. கொழுந்து பறிக்கும் பெண்களின் உழைப்பில் நின்ற மலையகச் சமூகத்திலிருந்து பெண்கள் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது 2024 நவம்பரில். பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல், நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி. இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்து அப்போது 93 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த வரலாற்றின் ஒரு பகுதி தமிழ்நாட்டில் இன்னும் முடியவில்லை. மலையகத்தில் இருக்க முடியாமல் வடக்கே வன்னிக்குப் போய், 1983க்குப் பிறகு அங்கிருந்தும் துரத்தப்பட்டு, படகேறி இராமேசுவரம் வந்தவர்களில் கணிசமானோர் இந்திய வம்சாவளியினர். சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா ஏற்பதாகச் சொன்ன மக்களின் உறவுகள் அவர்கள். முகாம்களுக்கு 2021இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். புது வீடுகளும் கட்டிக் கொடுத்தார்கள். அது நல்ல காரியம். ஆனால் முகாமில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்து, இங்கேயே மணந்து பிள்ளை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஊராட்சித் தேர்தலில்கூட வாக்கில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளின் பெயரைச் சொன்னது. அதில் இலங்கை இல்லை. அதே 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இவர்களுடைய கோரிக்கையைப் பரிசீலிக்கலாம் என்று வழிகாட்டியது.

1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் இந்தியச் சட்டப்படி பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அந்த நாளுக்கு முன் முகாமில் பிறந்தவர்களை மாவட்ட நிர்வாகம் தானே தேடிப் போய் வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும். வம்சாவளியினருக்கு, 1948இல் அகதிகளை வாக்காளர் பட்டியலில் சேர்த்ததுபோல, வாக்குமூலத்தின் பேரில் குடியுரிமை தர ஒன்றிய அரசு ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கட்சிகள் இதைத் தேர்தல் அறிக்கையில் ஒரு வரியாக எழுதிவிட்டு மறந்துவிடாமல், நாடாளுமன்றத்தில் கேட்டு வாங்க வேண்டும். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களின் தொகுதியில் ஒரு முகாம் இருந்தால், அடுத்த தேர்தலில் வாக்கு கேட்டு வரும் வேட்பாளரிடம் அந்த முகாமில் எத்தனை பேருக்கு வாக்கு இருக்கிறது என்று கேளுங்கள்.